உங்களுக்குத் தெரியுமா? வீட்டுப் பழைய கணினியும் புது இயங்குதளமும்

கெடு முடிந்தது, கணினி முடியவில்லை

விண்டோஸ் 10 வெளிவந்த நாள் 2015 ஜூலை 29. அதற்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய நாள் 2025 அக்டோபர் 14. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு. ஜொகூர் பாருவிலும் கூலாயிலும் குளுவாங்கிலும் பலகாரம் சுடும் வாரம் அது. திரையில் வந்த அறிவிப்பை மூடிவிட்டு வேலையைப் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். மறுநாளும் கணினி வழக்கம்போல் ஓடியது. பலரை ஏமாற்றுவது அதுதான். ஆதரவு முடிந்தால் கணினி நின்றுபோகாது. புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றுபோகும். அந்த ஓட்டைகளை நாம் அறிய மாட்டோம், திருடுகிறவன் தேடி அறிந்துகொள்வான்.

"இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கண்ணே" என்று சொல்லும் கடைத் தம்பியின் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். "இன்னும் நாலு வருசம் இப்படியே ஓட்டலாம்" என்று சொல்லும் மாமாவின் பேச்சையும் நம்ப வேண்டாம். இடையில் நல்ல வழிகள் பல இருக்கின்றன. இந்த வாரத் துணுக்குகள் அவற்றைப் பற்றித்தான்.

நமக்கு அது புதன்கிழமை

மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு மைக்ரோசாஃப்ட் தன் திருத்தங்களை வெளியிடும். மலேசியாவில் அப்போது புதன்கிழமை அதிகாலை 1 மணி. அமெரிக்காவின் குளிர்காலத்தில் 2 மணி. எனவே மாதத்தின் அந்தப் புதன்கிழமை, அவசர வேலைக்கு உட்காரும் முன் கணினியைச் சற்று நேரம் ஓடவிடுவது நல்லது.

திருத்தம் கையில் இருந்தும் போடாதவர்கள்

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற பிணைப்பண நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 இயங்கியவை. அந்தப் பதிப்புக்கு அப்போது ஆதரவும் இருந்தது. திருத்தம் வந்திருந்தது, போடாமல் விட்டிருந்தார்கள். 2014 ஏப்ரல் 8 அன்றே கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அந்த வாரம் விதிவிலக்காக ஒரு திருத்தம் வந்தது. அப்படியொரு விதிவிலக்கு மறுபடியும் வரும் என்று காத்திருக்க முடியாது.

பெயருக்குப் பின்னால் உள்ள எண்

விண்டோஸ் 10க்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு உங்கள் கணினி தகுதியானதா என்பதை அதன் செயலியின் பெயரிலேயே படித்துவிடலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் செயலியின் பெயர் தெரியும். ஐ5-7200யூ என்று இருந்தால், கோட்டுக்குப் பின் வரும் 7 என்பது ஏழாம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10210யூ என்றால் பத்தாம் தலைமுறை. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும். அந்தத் தலைமுறை வரத் தொடங்கியது 2017 ஆகஸ்டில். ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசை முதல்.

ஏழாம் தலைமுறையில் வெகு சில செயலிகளுக்கு மட்டும் சலுகை கிடைத்தது. மைக்ரோசாஃப்டே விற்ற 'சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2' கணினியில் இருந்த ஐ7-7820எச்க்யூ அவற்றில் ஒன்று. ஏழாம் தலைமுறைக் கணினி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும், எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் அவை.

அணைந்து கிடக்கும் பாதுகாப்பு

'உங்கள் கணினி தகுதியற்றது' என்று வந்தவுடனே மனம் தளர வேண்டாம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. எட்டாம் தலைமுறை முதலான வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், ஆனால் சிலவற்றில் பயாஸ் எனப்படும் துவக்க அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். உதிரி பாகங்கள் வாங்கிக் கடையில் சேர்த்துக் கட்டிய மேசைக் கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். பயாஸுக்குள் இன்டெல் பலகைகளில் 'பிடிடி' என்றும் ஏஎம்டி பலகைகளில் 'எஃப்டிபிஎம்' என்றும் இருக்கும். அதை இயக்கிவிட்டு, மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். ஒரு செப்புக்காசும் செலவில்லாமல் தகுதி கிடைத்துவிடலாம்.

மற்ற தேவைகள்: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ முறையில் துவங்கும் வசதி. 4 ஜிபி ரேமில் ஓடும் என்பது காகிதக் கணக்கு. நிம்மதியாக வேலை பார்க்க 8 ஜிபி வேண்டும்.

பூட்டுக்குச் சாவி எங்கே?

பயாஸில் கை வைக்கும் முன் ஒரு விஷயம். சில மடிக்கணினிகளில் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பூட்டு, உரிமையாளருக்குத் தெரியாமலேயே போடப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பை மாற்றியதும் கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்கியது மகளா, மருமகனா, கடைக்காரரா? முதலில் அதைக் கண்டுபிடித்து, சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் யாராலும் மீட்டுத் தர முடியாது.

இன்னும் ஓர் ஆண்டு தவணை

கணினி தகுதி பெறவில்லையா? வீட்டுப் பயனர்களுக்காக விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதில் சேர மூன்று வழிகள்: 30 அமெரிக்க டாலருக்கு ஈடான கட்டணம், அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்து வைப்பது. மூன்றாவது வழிக்குப் பணம் வேண்டாம். கணினியில் இருப்பது 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். ஒரு கணக்கில் வாங்கிய உரிமத்தைப் பத்துக் கணினிகள் வரை பயன்படுத்தலாம். இது தவணைதான், தீர்வல்ல. அந்த அவகாசத்தில் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட வேண்டும்.

முதலில் தமிழ்க் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

இந்தப் பத்தியில் ஒரே ஒரு துணுக்கைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தமிழைக் கணினியில் எழுத வைத்ததில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள், பிறகு முரசு அஞ்சலாக வளர்ந்து தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் போனது. ஆப்பிள் கணினிகளில் உள்ள 'தமிழ் எம்என்', 'தமிழ் சங்கம் எம்என்' ஆகிய எழுத்துருக்களின் பெயரில் வரும் எம்என், அவருடைய பெயரின் முதலெழுத்துகள். 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். இப்படி முன்னதாகவே தொடங்கியதன் விளைவாக, நம் வீட்டுக் கணினிகளில் பழைய தமிழ்க் கோப்புகள் நிறைய உண்டு. கோயில் நிர்வாகக் கூட்டக் குறிப்பு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தாத்தா தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு, அக்கா எழுதிய கவிதை.

சிக்கல் இங்கேதான். யூனிகோடு பரவும் முன் எழுதிய கோப்புகள் முரசு, திஸ்கி, டேப், டேம், பாமினி என்று பல குறியீட்டு முறைகளில் இருக்கின்றன. அந்த முறைகளில் தமிழ் எழுத்துகளுக்கு ரோமன் எழுத்துகளின் இடத்தையோ வேறு குறிகளின் இடத்தையோ கொடுத்திருந்தார்கள். கோப்பில் இருப்பது வெறும் எண்கள். அவற்றைத் தமிழாகக் காட்டியது அந்த எழுத்துரு. கணினியை ஃபார்மட் செய்து புது இயங்குதளம் போட்டதும் அந்த எழுத்துரு போய்விடும். கோப்பைத் திறந்தால் ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைபோல் தெரியும். "கெட்டுப்போச்சு" என்று அழித்துவிடுகிறார்கள். அவை கெடவில்லை. எழுத்துரு திரும்ப வந்தால் தமிழும் திரும்ப வரும்.

ஆகவே, ஃபார்மட்டுக்கு முன் இவற்றைச் செய்யுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையை முழுதாகத் தம்ப் டிரைவில் நகலெடுங்கள். பழைய கோப்பைத் திறந்து, தமிழ் வரியின் மேல் கர்சரை வைத்து, மேலே தெரியும் எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'என்எச்எம் கன்வர்ட்டர்', சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற இலவச மாற்றிகளைக் கொண்டு யூனிகோடாக மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். சில எழுத்துகள் மாறி விழுந்திருப்பது பின்னால்தான் கண்ணில் படும்.

பேஜ்மேக்கரில் செய்த மலர்களுக்கு இன்னும் அவசரம். அடோபி பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறக்கும், அதற்குப் பிந்தியவை திறக்காது. பழைய கணினியில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு மலரையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அந்தக் கணினி போனால் மலரும் போனதுபோலத்தான்.

லதா எங்கே போனாள்?

விண்டோஸ் 2000தான் தமிழ் யூனிகோடை முதலில் ஆதரித்த விண்டோஸ். 'லதா' எழுத்துரு அதனுடன் வந்தது. பின்னர் வந்த எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால் மொழி அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் குறியிட்டு, நிறுவல் குறுந்தட்டைச் செருக வேண்டியிருந்தது. அது தெரியாத வீடுகளில் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நின்றன.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை. 'நிர்மலா' எழுத்துரு கூடவே வருகிறது. ஆனால் புதிதாக நிறுவிய கணினியில் லதாவும் விஜயாவும் இல்லாமல் போகலாம். பழைய கடிதங்களின் பக்க அமைப்பு அதனால் கலைந்து தெரியும். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்ற இடத்தில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பு இருக்கிறது. அதைச் சேர்த்தால் இரண்டும் திரும்பிவிடும். தமிழ் 99, தமிழ் அஞ்சல் ஆகிய விசைப்பலகைகளும் இப்போது விண்டோஸிலேயே இருக்கின்றன, தனி மென்பொருள் தேடி அலைய வேண்டாம்.

இடி இடிக்கும் மாலையில் வேண்டாம்

உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இருட்டிக்கொண்டு வந்து கொட்டும். இயங்குதள மேம்பாட்டை அந்த நேரத்தில் தொடங்காதீர்கள். விண்டோஸ் ஏறும்போது மின்சாரம் போனால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பயாஸைப் புதுப்பிக்கும் நடுவில் போனால் தாய்ப்பலகையே செயலிழக்கக்கூடும். காலையில் தொடங்குங்கள். மேசைக் கணினி என்றால் அந்த ஒரு நாளைக்காவது யூபிஎஸ் இரவல் வாங்குங்கள். மடிக்கணினியின் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அதுவே யூபிஎஸ்.

ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் ரௌட்டரின் மின்செருகி கடத்தும், அங்கிருந்து கணினிக்குப் போகும் நெட்வொர்க் கம்பியும் கடத்தும். இடிக்கும்போது இரண்டையும் கழற்றி விடுங்கள்.

கோத்தா திங்கி சொல்லும் பாடம்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் இரண்டு அலைகளாகப் பெருவெள்ளம் வந்தது. கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்கள் மூழ்கின. முதல் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைக் கழுவித் துடைத்தவர்கள் சில வாரங்களிலேயே மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார்கள். 2023 மார்ச்சிலும் சிகாமட், பத்து பகாட் பகுதிகள் பாதிக்கப்பட்டன.

கணினி மேசையின் கீழ், நகலெடுத்த ஹார்டு டிஸ்க் அதே மேசையின் இழுப்பறையில். பல வீடுகளில் இதுதான் நிலைமை. வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற விதி இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனிடமோ கோலாலம்பூரில் இருக்கும் தங்கையிடமோ ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைத்தால் மூன்றாவது நிபந்தனை நிறைவேறிவிடும். மேம்படுத்தும் முன்பு எடுக்கும் பிரதியைத் திறந்து பாருங்கள். நாலு படம், இரண்டு கடிதம் சரியாகத் திறந்தால்தான் அது பிரதி.

செலவழிப்பதென்றால் இதற்கு

பழைய மடிக்கணினி மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் செயலி அல்ல, சுழலும் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டில் ஒவ்வொரு சிறு துண்டையும் தேடிப் பிடிக்க அதற்கு 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி அதே வேலையைச் சுமார் 0.1 மில்லி விநாடியில் முடிக்கும். இயங்குதளம் துவங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேட வேண்டும். பத்து வருட வயதுள்ள கணினியும் எஸ்எஸ்டி மாட்டிய அன்றே வேறு கணினிபோல் ஆகிவிடும். 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி, பழைய டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். கூடவே 4 ஜிபி ரேமை 8 ஆக்கினால் போதும். வாங்கும் முன் டிடிஆர்3யா டிடிஆர்4ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று மற்றதில் பொருந்தாது.

தேதி தவறினால் பட்டன் பேட்டரி

கணினியைத் திறந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? வங்கித் தளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்கிறதா? நச்சுநிரலாக இருக்காது. தாய்ப்பலகையில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, கணினியின் தேதி தவறினால் அவை செல்லாது. கைக்கடிகாரக் கடையிலும் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும் பேட்டரி அது. இயங்குதளத்தை மாற்றும் முன் அதை மாற்றுங்கள்.

2004இல் மூன்று மென்பொருளுக்கு மட்டும் அனுமதி

விலை மலிந்த கணினிகளுக்காக 'விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர்' என்ற பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2004இல் கொண்டுவந்தபோது முதலில் தேர்ந்தெடுத்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இங்கே அது மலாய் மொழியில் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள்களுக்கு மேல் திறக்க முடியாது. நான்காவதைத் திறந்தால் மறுக்கும். கணினியால் முடியாமல் அல்ல, விற்றவர் போட்ட கட்டுப்பாடு. அதே 2004இல்தான் மலேசிய அரசு, பொதுத் துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தையும் அறிவித்தது.

தமிழ்நாட்டு மாணவர் கையில் இரண்டு இயங்குதளம்

2011இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னையில் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். மடிக்கணினித் திட்டத்துக்கு முன்பே, தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், அரசு அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியிருந்தார். லினக்ஸ் என்றாலே பொறியாளர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்

விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்கு என் முதல் பரிந்துரை லினக்ஸ் மின்ட். 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, விலை கிடையாது. குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி. மிகப் பழைய கணினிக்கு அதிலேயே 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற இலகுவான வகை இருக்கிறது.

ஒரு தம்ப் டிரைவில் அதை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். ஹார்டு டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் தொடப்படாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் தம்ப் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். வருமான வரி மின்தாக்கல், ஊழியர் சேமநிதிக் கணக்கு, வங்கி வேலை எல்லாமே உலாவியில் நடப்பவை, லினக்ஸிலும் நடக்கும். தமிழ் 99 முறையிலும் ஒலியியல் முறையிலும் தட்டச்சு செய்யலாம். லிப்ரே ஆஃபீஸ் வேர்டு கோப்புகளைத் திறக்கும், அதற்குத் தமிழ் இடைமுகமும் உண்டு. கணினியில் நிறுவும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸும் சில விளையாட்டுகளும் சில பழைய அச்சுப்பொறிகளும் ஒத்துழைக்காது. அந்த மூன்றில் ஒன்று இல்லாமல் முடியாது என்றால் லினக்ஸ் உங்களுக்கல்ல.

32-பிட் கணினியாக இருந்தால் கதை வேறு. விண்டோஸ் 11க்கு 32-பிட் வடிவம் கிடையாது. நெடுங்காலம் அவற்றைத் தாங்கிய டெபியன் லினக்ஸும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவியை விட்டுவிட்டது. அப்படிப்பட்ட கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, பழைய கோப்புகளைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எட்டு மணி நேரம் தள்ளிப்போகும் கடிகாரம்

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்தால் விண்டோஸ் திறக்கும்போது கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் காட்டும். பழுதல்ல. தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் எட்டு மணி. லினக்ஸில் ஒரே கட்டளையில் சரிசெய்யலாம்.

அந்த எட்டும் எப்போதும் எட்டாக இருந்ததில்லை. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 கடைசி வரை உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. அந்த ஆண்டின் கடைசி இரவில் 11:30க்கு முள்ளை அரை மணி நகர்த்தி 12 ஆக்கினார்கள். சிங்கப்பூரும் கூடவே நகர்த்தியதால் ஜொகூர் பாலத்துக்கு இப்புறமும் அப்புறமும் நேரம் பிரியவில்லை.

2038 ஜனவரி 19, காலை 11:14:07

மலேசிய நேரப்படி அந்த நொடியில், நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய மென்பொருள்களின் எண் நிரம்பிவிடும். அடுத்த நொடியை அவை 1901 என்று படிக்கக்கூடும். 64-பிட் இயங்குதளங்களில் நேரத்துக்கு அகலமான எண் இருப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

இன்டெல் செயலி கொண்ட மேக்குகளுக்கான கடைசி இயங்குதளம் 2025 செப்டம்பரில் வந்த 'டாஹோ'. அடுத்த பதிப்பு ஆப்பிளின் சொந்தச் செயலிகளுக்கு மட்டும்.

உலாவி மட்டும் போதும் என்றால், கூகுள் 2022இல் இலவசமாக வெளியிட்ட 'குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ்' பழைய விண்டோஸ் கணினிகளிலும் சில மேக்குகளிலும் ஓடும். 4 ஜிபி ரேம் போதும்.

"மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்"

ஆதரவு முடிந்த செய்தி பரவினால் மோசடிக்காரர்களுக்கும் வேலை வந்துவிடும். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, கீழே ஒரு தொலைபேசி எண். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளை நிறுவி, வங்கிக் கணக்கையும் திறந்துவிட்டீர்கள் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். கணினித் தாக்குதலைப் பற்றிப் புகார் செய்ய சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவை இருக்கிறது. பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் 997 என்ற எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள்.

தூக்கிப் போடுவதற்கும் சட்டம் உண்டு

விண்டோஸ் 10 முடிவதால் 24 கோடிக் கணினிகள் வரை மின்கழிவாகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 விழுக்காடுதான் என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் வரும் பட்டியலிடப்பட்ட கழிவு. குப்பைத் தொட்டியில் போடாமல், சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போனால் கம்பியை எரித்துத் தாமிரம் எடுப்பார்கள், அந்தப் புகையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கும்.

கொடுக்கும் முன் உள்ளே இருப்பதைத் துடையுங்கள். 'டெலீட்' செய்தால் கோப்பின் முகவரி மட்டும்தான் போகும், கோப்பு அங்கேயே கிடக்கும். அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் பத்திரம் எல்லாம் திரும்ப எடுக்கக் கூடியவை. விண்டோஸின் 'ரீசெட்' பகுதியில் எல்லாவற்றையும் நீக்கி, தட்டையும் துடைக்கும் தெரிவு இருக்கிறது. நேரம் எடுக்கும், இரவில் ஓடவிடுங்கள்.

பத்து நாள் அவகாசம்

விண்டோஸ் 10இலிருந்து 11க்கு ஏறிய பின் பிடிக்கவில்லை என்றால், பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் உள்ள 'கோ பேக்' மூலம் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். பழையதை விண்டோஸ் அதுவரை 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் வைத்திருக்கும். இடத்தை அடைக்கிறது என்று அதை முதல் நாளே அழித்தால் திரும்பும் வழி போய்விடும். அச்சுப்பொறி, ஸ்கேனர், தமிழ்த் தட்டச்சு, வங்கித் தளம் ஆகிய நான்கையும் முதல் வாரத்துக்குள் சோதித்துப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ அந்தக் கணினியைப் பயன்படுத்துபவர் என்றால் சோதனையை அவர்களையே செய்ய விடுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பத்தாவது நாளுக்கு முன் முடிவெடுங்கள்.